விஆர் கண்ணாடியா, பெரிய டிவியா? கிருஷ்ணகிரி முதியோர் இல்லம் ஒன்றுக்கு எதை வாங்குவது

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை வந்திருக்கிறது. கொடுத்தவர் அங்கே தங்கியிருக்கும் ஓர் அம்மாவின் மகன். நியூஜெர்சியில் வேலை. "இந்தப் பணத்தில் விஆர் கண்ணாடி வாங்குங்கள். எங்க அம்மா மட்டுமில்லை, அங்கே இருக்கிற எல்லாரும் பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசட்டும்" என்று கேட்டிருக்கிறார். விஆர் கண்ணாடி என்பது தலையில் மாட்டிக் கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும் கருவி, வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பது போலக் காட்சி காட்டும். முப்பது பேர் அளவில் தங்கியிருக்கும் இல்லம் அது. நெட், கம்ப்யூட்டர் வேலைக்கு அங்கே போய்வருகிறவன் என்பதால் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். தெரிந்த ஒருவரிடம் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி, இருக்கும் மற்ற சாமான்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். அதிலிருந்து நான் எடுத்த முடிவையும் அதற்கான காரணங்களையும் எழுதுகிறேன். தருமபுரி, ஓசூர் பக்கம் இதே கேள்வி உள்ள இல்லங்களுக்கும் பயன்படலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு பேசுவதற்கு டிவி. விட்டுவந்த ஊரையும் வீட்டையும் பார்ப்பதற்குக் கண்ணாடி. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிவி.

எதிர்முனையில் இருப்பது யார்

இந்தப் பேச்சை எடுத்ததுமே எல்லாரும் அமெரிக்காவை நினைக்கிறார்கள். நம் பக்கத்து இல்லங்களில் நிலைமை வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். இங்கே இருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் அங்கேதான் கட்டட வேலையிலும் கம்பெனியிலும் இருக்கிறார்கள். சிலர் திருப்பூரில். ஒரு தாத்தாவின் மகன் துபாயில் வண்டி ஓட்டுகிறார். ஒரு பாட்டியின் மகள் வாழ்க்கைப்பட்டது கோலார் பக்கம். தூரம் கிலோமீட்டரில் இல்லை. லீவு கிடைக்காததிலும் பஸ் செலவிலும், சில வீடுகளில் சொல்ல முடியாத மனத்தாங்கலிலும் இருக்கிறது.

இவர்கள் எல்லாரிடமும் இருக்கும் ஒரே சாதனம் போன். அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, எதிர்ப்பக்கம் சாதாரணப் போன் மட்டும் இருந்தால் இது வேலை செய்யுமா என்பதைத்தான். விஆரில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பது போல உணர வேண்டுமென்றால் இரண்டு பேரிடமும் கண்ணாடி இருக்க வேண்டும். நியூஜெர்சி மகனால் வாங்க முடியும். கட்டட வேலை செய்யும் மகனால் முடியாது. மெட்டா நிறுவனமே தன் கண்ணாடிகளைப் 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கூடாது என்று வைத்திருப்பதால், பாட்டி முதலில் தேடுகிற சின்னப் பேரனும் பேத்தியும் அந்தப் பக்கம் மாட்டவே முடியாது.

துபாய் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் எடுபடாது. அங்கே அனுமதி உள்ள பாட்டிம், ஜூம், கூகுள் மீட் போன்றவற்றில்தான் பேச வேண்டும். ஆகவே ஒரே ஒரு செயலியை நம்பி நிற்கும் சாதனம் நமக்கு உதவாது.

நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். இல்லத்தில் ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கு அணைந்துவிடும். நியூஜெர்சி நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நம் மாலை ஆறு மணி அவர்களுக்குக் காலை எட்டரை அல்லது ஏழரை, வேலைக்குக் கிளம்பும் அவசரம். ஞாயிறு மாலைதான் இரு பக்கமும் ஒத்துவரும். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், அது சிரமமில்லை. பெங்களூருக்காரர்கள் வேலை முடிந்து வரவே எட்டு மணி ஆகிவிடும் என்பதால் அவர்களுக்கும் ஞாயிறுதான். ஆக, எல்லாருக்கும் ஒரே நாளில் நெருக்கடி. ஒருவர் மாட்டிக் கழற்றித் துடைத்து அடுத்தவருக்கு மாட்டும் சாதனத்தை விட, உட்கார்ந்ததும் பேசக்கூடிய சாதனம் ஞாயிறு மாலையில் இன்னும் பல பேருக்குப் போய்ச் சேரும்.

இப்போது நடப்பது: வார்டன் போன்

வார்டன் அக்காவின் போனில் கால் வரும். அவர் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பார். பாட்டி அதை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். வீடியோ கால் என்று எத்தனை முறை சொன்னாலும் கை தன்னால் காதுக்குத்தான் போகும். மகனுக்குத் திரையில் தெரிவது அம்மாவின் காதும் தோடும் மட்டும். பிடித்துக் காட்டினால் பாட்டிக்குத் தெரிவது உள்ளங்கை அளவு படம், கண்புரை உள்ள கண்ணில் அதுவும் மங்கல். சத்தம் கூட்டினால் கரகரக்கும். ரெண்டு நிமிஷம் "சாப்பிட்டியா கண்ணு, நல்லா இருக்கியா" என்று பேசியதும் பேச்சு நின்றுபோகும், போன் வார்டனிடம் திரும்பிவிடும். பாசம் குறைந்து இப்படி முடிவதில்லை. பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒன்றோடு யாராலும் நீண்ட நேரம் பேச முடியாது.

இந்தப் போனை நிறுத்தச் சொல்லவில்லை. அவசரத்துக்கு அது வேண்டும். மாற்ற வேண்டியது வாராந்திரப் பேச்சு.

டிவியில் வீடியோ கால்

நான் பரிந்துரைக்கும் அமைப்பு எளிமையானது. 43 அங்குல டிவி ஒன்று, அதோடு எச்டிஎம்ஐ வயரில் ஒரு பழைய லேப்டாப், டிவிக்குக் கீழே ஒரு வெப்கேமரா, மேசையில் ஒரு ஸ்பீக்கர்-மைக். விண்டோஸில் ஓடும் வாட்ஸ்அப்பில் 2021 முதலே வீடியோ கால் பேச முடிகிறது. கூகுள் மீட், ஜூம் எல்லாமும் அதிலேயே ஓடும். எதிர்ப்பக்கம் எந்தப் போன் இருந்தாலும் போதும். நெட் இணைப்போடு வரும் செட்டாப் பாக்ஸில் கேமரா மாட்டிப் பேசும் வசதியும் சந்தையில் உண்டு. ஆனால் லேப்டாப் வைத்தால் எந்தச் செயலியையும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் என் ஓட்டு அதற்கு.

இதில் கேமரா வைக்கும் இடம்தான் பாதி வேலை. டிவியைச் சுவரில் உயரமாக மாட்டி அதன் தலையில் கேமராவை வைத்தால், மகனுக்கு அம்மாவின் உச்சந்தலைதான் தெரியும். டிவியைத் தாழ்வான மேசையில் வைத்து, உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குக் கேமரா வரவேண்டும். நாற்காலி நாலைந்து அடி தள்ளி இருந்தால் போதும். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். ஓர் அம்மாவை இப்படிச் சரியாக உட்கார வைத்தபோது மகன் முகம் நிஜ அளவை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே, "என்ன இப்படி நரைச்சுப் போச்சு உனக்கு" என்றார். போன் திரையில் அத்தனை மாதமாக அந்த நரை அவருக்குத் தெரிந்ததில்லை. அப்புறம் பேச்சு நரையிலிருந்து அப்பாவின் நரைக்கும், அங்கிருந்து சொந்தக்காரர்களுக்கும் போய் அரை மணி நேரம் ஓடியது.

படத்தை விடச் சத்தத்துக்குக் கவனம் கொடுங்கள் என்பேன். வயதாகும்போது காதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ஸ, ச போன்ற எழுத்துகள் காதில் விழாமல், பேச்சு கேட்கிறது ஆனால் புரியவில்லை என்ற நிலை வரும். குழந்தைகளின் மெல்லிய குரல் இன்னும் மோசம். வால்யூமைக் கூட்டுவது இதற்கு மருந்தில்லை. எதிர்ப்பக்கம் பேசுபவர் மைக் உள்ள சாதாரண இயர்போனை மாட்டிக்கொண்டு, விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக நிதானமாகப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. இந்த மொத்தப் பட்டியலிலேயே செலவு குறைந்த மாற்றம் இதுதான். பிள்ளைகள் வீட்டுக்கு இதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

டிவியை வைக்க ஒரு தனி அறை வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் டிவியிலேயே பேசிக்கொள்ளலாமே என்று இல்லத்தில் கேட்டார்கள். கூடாது என்றேன். மருமகளைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் முப்பது பேர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதை விட முக்கியம், கால் வராதவர்கள் அதே கூடத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அந்த வலியைப் பணம் கொடுத்து வாங்கி வைக்க வேண்டாம். கதவு உள்ள சின்ன அறை போதும்.

குறை என்னவென்றால், படுக்கையிலேயே இருப்பவர்களிடம் டிவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு டேப்லெட்டும், கட்டிலில் கவ்வி நிற்கும் வளைகிற ஸ்டாண்டும் வாங்க வேண்டும். டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கர் போதாது. தலைமாட்டில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வைத்துவிடலாம்.

பேசும் திரைகள்

அமேசானின் எக்கோ ஷோ மாதிரி, குரலால் இயக்கும் திரைகளில் ஒரு வசதி உண்டு: நாம் அனுமதித்த ஆட்கள் கூப்பிட்டால், இந்தப் பக்கம் யாரும் எடுக்காமலே படம் வந்துவிடும். தனியாக வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இது நல்லது. நாலு பேர் சேர்ந்து தூங்கும் அறையில் வைத்தால், ஒருவர் மகன் எட்டிப் பார்க்கும்போது இன்னொருவர் புடவை மாற்றிக்கொண்டிருப்பார். போதாததற்கு அதில் நம் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் அலெக்சாவுக்குத் தமிழ் வராது, ஆங்கிலமும் இந்தியும்தான். நம் இல்லங்களிலோ தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

விஆர் கண்ணாடி

இதை இல்லத்தில் எல்லாருமே ஆவலோடுதான் எதிர்பார்த்தார்கள், நானும்தான். மெட்டா குவெஸ்ட் வகைக் கண்ணாடியில் விலை குறைந்தது குவெஸ்ட் 3எஸ், நாற்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும். மாட்டியதும் நாம் இருக்கும் அறை மறைந்துவிடும். தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சி திரும்பும். அந்த அனுபவம் உண்மையிலேயே பெரியது.

ஆனால் பேசுவதற்கு அதை வைத்துப் பார்த்தபோது ஒரு தடை வந்தது. அதற்கு எந்த விலையுள்ள மாடலிலும் முழுத் தீர்வு இல்லை. கண்ணாடியை மாட்டிய அம்மாவின் முகத்தில் பாதி மறைந்துவிடுகிறது. மகனுக்குத் தெரிவது ஒன்று, கார்ட்டூன் போன்ற பொம்மை உருவம். இல்லையென்றால் நாம் பக்கத்தில் போனைப் பிடித்துக் காட்டும்போது, கறுப்புப் பெட்டிக்குக் கீழே வாயும் மோவாயும். இரவல் கண்ணாடியில் அப்படித்தான் செய்தோம். கொஞ்ச நேரத்திலேயே அந்த மகன், "அம்மா, அதைக் கழட்டும்மா, உன் மூஞ்சியைப் பாக்கணும்" என்றார். கண்ணாடி வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பிய அதே மகன்தான்.

தூரத்தில் இருக்கும் பிள்ளை அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் வீங்கியிருக்கிறதா, பல்செட் போட்டிருக்கிறாரா, சரி என்று சொல்லும்போது முகம் என்ன சொல்கிறது. அம்மாவுக்கும் அப்படியே. இருவருமே பார்க்க வேண்டும், இருவருமே பார்க்கப்பட வேண்டும். விஆர் கண்ணாடி முதலாவதைப் பிரமாதமாகச் செய்கிறது, இரண்டாவதை எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அப்படியானால் முதியவர்களுக்கு விஆர் நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்று கேட்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த தமரா அஃபிஃபியும் சக ஆய்வாளர்களும் இதே விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். முதியோர் குடியிருப்பில் வாழும், நினைவாற்றல் குறைந்துவரும் 21 பேரையும், தூரத்தில் இருக்கும் அவர்களுடைய உறவினர் ஒவ்வொருவரையும் ரென்டெவர் என்ற விஆர் தளத்தில் சேர்த்தார்கள். முதியவர்கள் விஆரில் அதிக ஈடுபாட்டோடு பேசினார்கள், பழகினார்கள் என்பது முடிவு. இது நம்பத்தக்க நல்ல செய்தி. கூடவே இரண்டைக் கவனிக்க வேண்டும். அங்கே விஆரை ஒப்பிட்டது டெலிபோன் பேச்சோடு, பெரிய திரை வீடியோ காலோடு இல்லை. அப்புறம், அவர்கள் விஆரில் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருக்கவில்லை. சேர்ந்து இடங்களைப் பார்த்தார்கள், பழைய ஊர்களையும் படங்களையும் பார்த்தார்கள். பேச்சு பிறந்தது அந்தக் காட்சிகளிலிருந்து. எனக்கு இதிலிருந்து கிடைக்கும் யோசனை: கண்ணாடியைப் போனுக்கு மாற்றாக வாங்காதீர்கள், ஊருக்குப் போய்வருவதற்காக வாங்குங்கள்.

ஊர் என்றால் எந்த ஊர்? தாஜ்மகாலும் பாரிசும், சுற்றிலும் திரும்பிப் பார்க்கக்கூடிய 360 டிகிரி வீடியோவாக யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம் ஆச்சரியப்பட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அரூர்ப் பக்கத்து அம்மாவுக்குத் தீர்த்தமலையும், பென்னாகரத்து ஐயாவுக்கு ஒகேனக்கல்லும், பர்கூர் பாட்டிக்கு அவர் கையால் தண்ணீர் ஊற்றிய மாந்தோப்பும் வேண்டும். சாலையில் நின்று சுற்றிப் பார்ப்பது போலப் படம் காட்டும் வீதிக் காட்சி (ஸ்ட்ரீட் வியூ) கூகுள் மேப்ஸில் 2022 ஜூலையில் இந்தியாவில் வந்தது. மேப்பில் அந்த வசதியைப் போட்டால் நீலக் கோடு உள்ள சாலைகளிலெல்லாம் படம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால், தங்கியிருப்பவர்களின் ஊர்களை ஒரு தாளில் எழுதிவைத்து எந்த ஊர் வரை நீலக் கோடு போகிறது என்று போனிலேயே பார்த்துவிடலாம். மெயின் ரோடு வரும், தோப்பும் வீட்டு முற்றமும் வராது. அதை வீட்டார்தான் எடுத்து அனுப்ப வேண்டும்.

வீட்டார் எடுக்கும் 360 டிகிரி படம்

இது நடந்தால்தான் கண்ணாடிக்கு அர்த்தம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்ஸ்டா360 வகைக் கேமரா ஐம்பதாயிரம் ரூபாய் சுமாருக்கு வருகிறது. இல்லம் வாங்க வேண்டாம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், பைக்கில் சுற்றி வீடியோ போடும் பையன்கள் சிலரிடம் இருக்கிறது, ஒரு நாள் வாடகைக்கோ இரவலுக்கோ கேட்கலாம்.

எடுக்கும்போது கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். கையில் வைத்துக்கொண்டு நடந்தால் பார்ப்பவருக்குக் கண் நகர்கிறது என்று சொல்லும், உள்காது நகரவில்லை என்று சொல்லும். அந்த முரண்பாடுதான் தலைசுற்றலும் குமட்டலும். ஸ்டாண்டின் உயரம் உட்கார்ந்தவரின் கண் உயரம், நாலடி அளவு. அம்மா திண்ணையில் உட்காரும் இடம் எதுவோ அங்கேயே வையுங்கள். யாரும் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டாம். அவரவர் வேலையைப் பார்க்கட்டும். களி கிண்டட்டும், மாடு கட்டட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து போகட்டும். நாலைந்து நிமிடம் போதும்.

தரத்தை 4கேயில் வைத்தால் மங்கலாகத் தெரியும். அகலத்தில் உள்ள 3840 புள்ளிகளும் சுற்றிலும் பரவிவிடுகின்றன. கண் முன்னால் ஒரு நேரத்தில் வருவது ஏறக்குறைய கால் பங்குதான். 5.7கே அல்லது 8கேயில் எடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிக் கெட்டுப்போகும். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பச் சொல்லுங்கள். இல்லத்தில் முதல் நாளே கண்ணாடிக்குள் இறக்கி வைத்துவிட வேண்டும். நேரடி ஒளிபரப்பாக 360 காட்டும் யோசனைக்கு நம் பக்கத்து நெட் வேகத்தை நம்பி இறங்காதீர்கள். சாதாரண வீடியோ காலுக்கு 3 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும், 360 நேரலைக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும்.

அப்படி இரவல் கேமராவில் எடுத்த தோப்புப் படம் ஒன்றை ஒரு தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினோம். மேலே பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், இந்த மரம் செந்தூரா, அது பெங்களூரா என்று மாமர வகைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் குனிந்து பார்த்தவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "என் காலு எங்க தம்பி?" என்றார். அந்தப் படத்துக்குள் பார்ப்பவருக்கு உடம்பு கிடையாது, கீழே ஸ்டாண்டின் மூன்று கால்கள்தான். சர்க்கரை நோயில் ஏற்கெனவே ஒரு விரலை எடுத்தவர் அவர். சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. இப்போது யாருக்கு மாட்டினாலும் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுகிறோம். அவருடைய கையை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். மடியில் ஒரு துண்டையோ போர்வையையோ போட்டுவிடுகிறோம், உடம்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

மாட்டும் முன்னால்

வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், பார்வைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தச் சொல்லி மெட்டாவின் பாதுகாப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியிலும் கன்ட்ரோலரிலும் காந்தமும் ரேடியோ அலையும் உண்டு என்பதால், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் மாட்டக் கூடாது. காது மிஷினிலும் இரைச்சல் வரலாம். வலிப்பு வந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் வேண்டாம். அரைக் கிலோ எடை முன்பக்கமாகக் கழுத்தை இழுக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் தூரப்பார்வைக் கண்ணாடியோடு மாட்டிக்கொள்ளலாம். படிக்கும் கண்ணாடி உதவாது, ஏனென்றால் உள்ளே படம் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பது போலத்தான் கண்ணுக்குப் படுகிறது. சுழலும் நாற்காலி கூடாது. கை வைத்த, அசையாத நாற்காலி. முதல் முறை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கழற்றிய உடனே எழுந்திருக்க விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அறை பழகிய பிறகு எழட்டும். ஒரு தடவை கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் எந்தத் தொழில்நுட்பமும் ஈடு செய்யாது.

இல்லங்களில் மெட்ராஸ் ஐ வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும். ஒரே கண்ணாடியைப் பலர் மாட்டுவது அதற்கு நேர்வழி. துடைக்கக்கூடிய சிலிக்கான் உறை போட்டு, ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினித் துணியால் ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்க வேண்டும். லென்சை உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும். கண் சிவந்தவர் யாராவது இருந்தால் அந்த வாரம் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களிடம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சிலர் சந்தோஷமாகப் பேசத் தொடங்குவார்கள். சிலர் வீட்டுக்கே வந்துவிட்டோம் என்று நம்பி, கழற்றியதும் தவித்துப்போவார்கள். யாருக்கு எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர் கூடவே பார்த்துக்கொள்ளும் ஆயாதான், சாதனத்தை விற்பவர் இல்லை. ஆயா வேண்டாம் என்றால் வேண்டாம். எவராக இருந்தாலும் "மாட்டிக்கிறீங்களா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும்.

முன்னூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், போனைச் செருகும் பெட்டிகளைப் பற்றியும் கேட்டார்கள். கூகுள் 2014இல் கொண்டுவந்த அட்டைப் பெட்டி வகை அது. 2021இல் கூகுளே விற்பதை நிறுத்திவிட்டது. படம் மங்கல், தலைசுற்றல் அதிகம். முதல் அனுபவமே கெட்டுவிட்டால் இரண்டாவது முறை யாரும் மாட்ட மாட்டார்கள்.

முகம் மறையாமல், ஆள் எதிரே உட்கார்ந்திருப்பது போலவே காட்டும் கருவியும் உலகத்தில் வந்துவிட்டது. கூகுள் 2021இல் ஸ்டார்லைன் என்று காட்டி, 2025இல் பீம் என்று பெயர் மாற்றியது அதைத்தான். எச்பி நிறுவனம் செய்யும் அந்தக் கருவியின் விலை 24,999 டாலர். நம் ஊர் இல்லங்களுக்கு அது எப்போது எட்டும் என்று காத்திருக்க இங்கே இருப்பவர்களுக்கு வயதில்லை.

ஒரு லட்சத்தைப் பிரித்தால்

கடைக்குக் கடை மாறும், என் கணக்கு உத்தேசம்தான். டிவி 25,000. பழைய லேப்டாப் 20,000. கேமராவும் ஸ்பீக்கர்-மைக்கும் சேர்த்து 13,000. டேப்லெட், கட்டில் ஸ்டாண்ட், சின்ன ஸ்பீக்கர் 18,000. கரண்ட் போனாலும் நெட் நிற்காமல் இருக்க ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் 2,000. மொத்தம் 78,000.

மீதி 22,000 ரூபாயில் கண்ணாடி வராது. அதில் கொஞ்சம் போட்டு, மீதியை யாரிடமாவது கேட்டு இப்போதே வாங்கிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அந்தப் பணத்தை நெட் பில்லுக்கும், சனி ஞாயிறு மாலையில் வந்து கால் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆளுக்குச் சம்பளமாகவும் வைக்கச் சொன்னேன். இதுபோன்ற சாமான்கள் இல்லங்களில் தூசு படிந்து கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பழுது இல்லை, இயக்க ஆள் இல்லாததுதான். வார்டனுக்கும் ஆயாக்களுக்கும் மருந்து, குளியல், சாப்பாடு என்று ஏற்கெனவே கை நிறைய வேலை. பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் பெண்ணோ பையனோ ஒருவர் போதும். யாருக்கு எந்த நேரம், எந்த நம்பர், எந்த செயலி, எந்தக் காது நன்றாகக் கேட்கும், எந்த மொழியில் பேசுவார் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு நடத்திவிடுவார்.

தனி அறையில் ஏற்கெனவே எச்டிஎம்ஐ உள்ள நல்ல டிவி இருக்கும் இல்லங்களுக்குக் கணக்கு மாறும். 25,000 மிச்சமாவதால் 47,000 கையில் நிற்கும், கண்ணாடி ஒன்று வாங்கலாம். வாங்குங்கள், ஆனால் இயக்கும் ஆளின் சம்பளத்துக்கு வேறு வழி செய்துவிட்டு.

யாருமே கூப்பிடாதவர்கள்

இவர்களை வைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணாடியின் அருமை எனக்குத் தெரிந்தது. எல்லா இல்லங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். டிவியும் டேப்லெட்டும் எதிரே ஆள் இருந்தால்தான் உயிர் பெறும். கண்ணாடிக்கு எதிரே ஆள் வேண்டாம், ஊர் இருந்தால் போதும். அதனால் கண்ணாடி வந்ததும் முதல் வரிசை இவர்களுக்குத்தான் என்று இல்லத்தில் பேசி வைத்திருக்கிறோம். ஊரில் பழகிய டீக்கடைக்காரர், பள்ளிக்கூட நண்பர், பழைய பக்கத்து வீட்டுக்காரர் யாராவது டிவியில் வந்து பேசத் தயாரா என்றும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். உறவு என்று ரத்த சம்பந்தத்தை மட்டும் எழுதும் படிவத்தை அதற்காக மாற்றியாயிற்று.

பிள்ளைகள் இருந்தும் கவனிக்காத நிலை என்றால் அது வேறு வழியில் போக வேண்டிய விஷயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்திருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். வீடியோ காலை அதற்கு ஈடாக யாரும் நினைக்க வேண்டாம்.

நியூஜெர்சி மகனிடம் இந்தக் கணக்கை அனுப்பினோம், ஒப்புக்கொண்டார். கண்ணாடியை அடுத்த ஆண்டு மார்ச் வாக்கில் வாங்கினால் போதும் என்று வைத்திருக்கிறோம். ஏப்ரல் கடைசியிலிருந்து மாங்காய் இறங்கத் தொடங்கிவிடும், வெளியூரில் இருப்பவர்களும் லீவுக்குத் தோப்புக்கு வருவார்கள். அதற்குள் வாடகைக் கேமரா ஒன்றுக்குச் சொல்லி வைத்து, எந்த வீட்டில் யார் எடுப்பது என்ற பட்டியலும் போட்டாக வேண்டும்.